ஒரு வருஷம், ஒரு மதில், பல சுவை

செம்மது அருந்துவோர் பலர். ஒப்புநோக்கிச் சுவைப்போர் சிலரே. பிரான்சு தேசத்துப் பர்கண்டிச் செம்மதுக்களை ஒப்பிட விரும்புவோர்க்கு நாம் கூறும் வழி, ஒரே வருஷத்தவற்றை வரிசையாக வைத்துச் சுவைப்பதாகும். மழையும் வெயிலும் அவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றே. உயர்ந்த செம்மதுக்களிற் பழமும் 'பினோ நுவார்' ஒன்றே. 'கமே' என்னும் திராட்சையைக் களைந்தெறியுமாறு பிலிப் கோமகன் 1395ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டுவிட்டான்! ஆகவே, கிண்ணத்துக்குக் கிண்ணம் சுவை வேறுபடின், அது பெரும்பாலும் நிலத்தின் செயல். அன்றேல் உடையவன் கைவண்ணம்.

ஜெவ்ரே-ஷம்பெர்த்தான் மது திண்மையுடையது, ஷம்போல்-முசினி மது மென்மையுடையது என்பர். இவை அடுத்தடுத்த ஊர்கள் அல்லவெனினும் ஒரே மலைச்சரிவிலுள்ளவை. ஆனால் நம்மை வியப்பில் ஆழ்த்துவது இவற்றினும் குளோ த வூஜோ என்னும் தோட்டமே. சித்தோ மடத்துத் துறவிகள் உருவாக்கி, மதில் எழுப்பிக் காத்த நிலம் அது. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தின் கையைவிட்டுப் போய், 1889இல் பலருக்கு விற்கப்பட்டு, பின்னர் மேலும் துண்டுபட்டது. இன்று சுமார் 125 ஏக்கருக்கு ஏறக்குறைய எண்பது உடையோர். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம்.

மேற்புறத்தில் சுண்ணாம்புக்கல்லின்மீது மெல்லிய மண்; நீர் நில்லாது வடியும். கீழே, பெருந்தெருவோரத்தில், நீரைப் பிடித்துவைக்கும் கனத்த களி. சட்டமோ இரண்டுக்கும் ஒரே பெயரையும் ஒரே உயர்தரத்தையும் அளித்திருக்கிறது. ஒரு போத்தலுக்காகப் பணம் சேர்த்து வாங்குபவர் எதைப் பெறுகிறார் என்பதைப் பெயர் மட்டும் சொல்வதில்லை.

இச்சோதனைக்கு 2005ஆம் வருஷத்தையே பலர் நாடுவர். வறட்சியால் பழம் சிறுத்து, தோல் தடித்து, சாரம் மிக்க வருஷம் அது. நாமோ நடுத்தர வருஷமொன்றையே விரும்புவோம். வறட்சியிற் கீழ்நிலத்தின் குறை அவ்வளவாகத் தெரியாது. மழை வருஷத்தில் அதனை மறைப்பது கடினம்.

போத்தல்களைத் தாளாற் சுற்றி இலக்கமிடுக. கிண்ணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வார்க்க வேண்டா. உமிழ்வதற்குப் பாத்திரமும் வேண்டும். அனைத்தையும் விழுங்குபவரின் தீர்ப்பை ஆறாங் கிண்ணத்தின் பின் யார் நம்புவர்? அரைமணி கழிந்தபின் முதற் கிண்ணத்துக்கு மீள்க. தொடக்கத்தில் துவர்ப்பாய் இறுகிநின்ற மது அதற்குள் மணம் விரிந்திருக்கக்கூடும். விருப்ப வரிசையை எழுதிவைத்த பின்னரே தாளை நீக்கி, தோட்டத்தின் பெயரோடு உடையவர் பெயரையும் குறித்துக்கொள்க; அடுத்தமுறை கடைக்காரரிடம் கேட்க வேண்டியது அப்பெயரையே.