மலிவாகக் கிடைத்தால் போதுமா? விமான நிலையத் தீயணைப்பு வண்டி ஒரு பாடம்

கந்தப்பளை பஸாரில் கடை வைத்திருக்கும் எமக்கு நெருப்பென்றால் தனிப் பயம். கடைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. தோட்டத்து லயன்களோ ஒரே கூரையின் கீழ் நிற்பவை. ஓர் அறையில் பற்றினால் வரிசையே போய்விடும். நுவரெலியாவிலிருந்து தீயணைப்பு வண்டி மலைப் பாதையில் வந்து சேர நேரமெடுக்கும். எனவே ஊருக்கென ஒரு பழைய வண்டி வாங்கி, மற்ற நாட்களில் மரக்கறித் தோட்டங்களுக்குத் தண்ணீர் விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என வியாபாரிகள் சிலர் பணம் சேர்த்தோம்.

அப்போது தரகர் ஒருவர் படத்துடன் வந்தார். வெளிநாட்டு விமான நிலையமொன்றில் பாவித்த வண்டி. 10,000 லீற்றர் தாங்கி. ஓடியது சில ஆயிரம் கிலோமீற்றர்தான். விலையோ புதியதில் சிறு பங்கு. முற்பணம் கொடுக்கும் முன் நான் விசாரித்து அறிந்தவற்றை வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, கிலோமீற்றரை நம்பக் கூடாது. ஓடுபாதையின் எந்த இடத்தையும் 3 நிமிடத்திற்குள் அடைய வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்காக இவ்வண்டி நிலையத்திலேயே தயாராக நிற்கும். தூரம் குறைவாக இருந்தாலும் எஞ்சினும் பம்பும் அடிக்கடி இயக்கிப் பரிசோதிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் ஓடிய மணித்தியாலங்களையும் பம்ப் பரிசோதனைப் பதிவுகளையும் கேட்க வேண்டும். ஓடாவிட்டாலும் டயரும் றப்பர் குழாய்களும் வயதினால் பழுதாகும்.

இரண்டாவது, பாரம். 10,000 லீற்றர் தண்ணீர் மட்டுமே 10 தொன். நிறைந்த வண்டி 30 தொன்னைத் தாண்டும். அகலம் ஏறத்தாழ 3 மீற்றர். இராகலை வீதியின் வளைவுகளிலும் தோட்டப் பாதைகளின் சிறு பாலங்களிலும் இது எப்படிப் போகும்?

மூன்றாவது, பம்ப். கூரையிலுள்ள பீரங்கி நிமிடத்திற்கு 5,000 லீற்றர் அளவில் பாய்ச்சினால் தாங்கி 2 நிமிடத்தில் காலி. எரியும் விமான எரிபொருளுக்கு அது சரி. ஒற்றையடிப் பாதை மட்டுமுள்ள லயனுக்குத் தேவை சிறிய பம்பும் நீண்ட குழாயும். மேலும் 6,000 அடிக்கு மேல் காற்றழுத்தம் குறைவாதலால், ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ தண்ணீரை உறிஞ்சும் உயரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

நான்காவதுதான் எம்மைத் திடுக்கிட வைத்தது. இவ்வண்டிகளில் பல்லாண்டுகளாகப் பாவிக்கப்பட்ட நுரையில் புளோரின் கலந்த இரசாயனங்கள் இருந்தன. அவற்றுள் பி.எப்.ஓ.எஸ். 2009 இலும் பி.எப்.ஓ.ஏ. 2019 இலும் ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவை மண்ணில் எளிதில் அழியாதவை, பயிரும் உறிஞ்சும். குழாய்களிலும் பம்பிலும் படிந்ததை ஒரு தடவை கழுவிப் போக்க முடியாது. அந்தத் தண்ணீரை லீக்சுக்கும் கரட்டுக்கும் பாய்ச்சி, அதைச் சந்தைக்கு அனுப்புவதா?

ஐந்தாவது, அனுமதி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டது. வயதெல்லையும் தீர்வையும் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறலாம். இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம், சுங்கம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஆகிய மூன்றிடமும் எழுத்தில் பதில் பெறாமல் ஒரு சதமும் அனுப்பக் கூடாது.

நாங்கள் அந்தப் பேரத்தை விட்டுவிட்டோம். ஜப்பானிய நகரங்களில் பாவித்த, இசுசு எல்ப் போன்ற சிறிய லொறிச் சட்டத்தில் அமைந்த பம்ப் வண்டியையே இப்போது தேடுகிறோம். அந்த லொறிக்குரிய உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். தோட்டத் தண்ணீருக்கு வேறு பவுசர் போதும்.

சொந்தப் பணமென்றால் நட்டம் எமக்கு மட்டும். ஊரார் நம்பித் தந்த பணம் அமானிதம். விலையைக் கேட்பதற்கு முன், அந்தப் பொருள் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று கேளுங்கள்.