வெடி அலையும் ஜன்னல் கண்ணாடியும்

அலுவலகத்தின் மாடிப்படி அருகே கேட்பாரற்றுப் பெட்டி ஒன்று கிடக்கிறது. "நடைவழியில் கிடக்கிறதே" என்று காவலாளி அதைத் தூக்கப் போகிறார். உடனே அவரைத் தடுக்க வேண்டும். சில குண்டுகள் அசைத்தாலோ திறந்தாலோ வெடிக்குமாறு அமைக்கப்படுகின்றன.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்புக்குச் செல்ல வேண்டிய பெட்டியில் குண்டு வெடித்து 30 பேர் அளவில் உயிரிழந்தனர். வெடிப்பதற்கு முன்பே தொலைபேசியில் எச்சரிக்கை வந்திருந்தது! ஆகவே மிரட்டல் எதையும் வெறும் விளையாட்டு என்று நாமே முடிவு கட்டலாகாது.

குண்டு வெடிக்கும்போது என்ன நிகழ்கிறது? வெடிமருந்து கண்ணிமைக்கும் நேரத்திற்குள் சூடான வாயுவாக மாறுகிறது. அது சுற்றியுள்ள காற்றை நெருக்கித் தள்ளுவதால், ஒலியினும் விரைவாக அதிர்ச்சி அலை ஒன்று புறப்படுகிறது. அலை விரிய விரிய அழுத்தம் குறைகிறது. திறந்த வெளியில் 1 கிலோ வெடிமருந்து 10 மீட்டரில் தரும் உச்ச அழுத்தத்தை 20 மீட்டரில் பெற 8 கிலோ வேண்டும்! இதனால்தான் ஒவ்வோர் அடி விலகுவதும் பயன் தருகிறது. ஆனால் அறையிலும் நடைவழியிலும் சுவர்கள் அலையைத் திருப்பியடிக்கும். அங்கே தூரத்தின் பயன் குறைவு.

இனிக் கண்ணாடியைக் கவனியுங்கள். வளிமண்டல அழுத்தத்தில் 20-இல் ஒரு பங்கு மட்டும் கூடுவதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர் ஜன்னல் கண்ணாடி மீது அது ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமம். சாதாரணக் கண்ணாடி தாங்காது. செவிப்பறை கிழிய இதைப்போல் ஆறேழு மடங்கு அழுத்தம் வேண்டும். அதாவது, காதுக்குக் கேடில்லாத தொலைவிலும் கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்து வரும். வேடிக்கை பார்க்க ஜன்னலோரம் கூடுவது நம் ஊர்ப் பழக்கம், அதை விட்டுவிடுங்கள்.

பெட்டியின் மேல் தண்ணீர் ஊற்றுவதும் மணல் மூட்டை அடுக்குவதும் நம் வேலையல்ல. அதனருகே கைப்பேசி, வாக்கி-டாக்கி எதையும் இயக்காதீர்கள். ரேடியோ அலைகள் மின் டெட்டனேட்டரின் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டக்கூடும். விலகிச் சென்றபின் 112-ஐ அழையுங்கள். பெட்டி கிடக்கும் வழியைத் தவிர்த்து, லிஃப்டில் ஏறாமல், படி வழியே இறங்குங்கள்.

மிரட்டல் தொலைபேசியில் வந்தால், இணைப்பைத் துண்டிக்காமல் பேச்சை நீட்டுங்கள். எங்கே, எப்போது, எப்படிப்பட்டது என்று கேளுங்கள். சொற்களைச் சொன்னபடியே எழுதுங்கள். பின்னணியில் கேட்கும் ரயில் ஓசையைக்கூட விடாதீர்கள்.

வெளியே வந்தவர்கள் வாசலிலும், நிற்கும் வண்டிகளின் நடுவிலும் கூடக் கூடாது. இரண்டாவது குண்டு அங்கேயே இருக்கலாம். வெடிகுண்டு நிபுணர்கள் சோதித்துச் சொன்ன பிறகே உள்ளே செல்லலாம்.