சினிமா சுனாமியை நிறுத்தி, நிறுத்திப் பாருங்கள்

பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படம் பார்த்தால், "படிக்கிற நேரத்தில் என்ன படம்?" என்று திட்டுவது எல்லா வீட்டிலும் வழக்கம். அதே படத்தில் மூன்று நிமிடக் காட்சியை வைத்துக் கொண்டு நிலநடுக்கம், சுனாமி பற்றிச் சொல்லித் தர முடியும். இதற்கென சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயர், கூகுள் எர்த், இவற்றுடன் உங்களிடம் ஏற்கனவே இருக்கும் எக்ஸெல் போதும்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகனுடன் இதைச் செய்து பார்த்தேன். எடுத்துக் கொண்ட படம் 2015ல் வெளியான சான் ஆண்ட்ரியாஸ். கலிபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு, சான் பிரான்சிஸ்கோ நகரை சுனாமி மூழ்கடிப்பதாகக் கதை.

டிவிடியை விஎல்சியில் இயக்கி, அலை வரும் காட்சிக்குச் செல்லுங்கள். வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், கீழே சில பட்டன்கள் கூடுதலாகக் கிடைக்கும். அதில் ஏ, பி என்ற எழுத்துகள் கொண்ட பட்டனைக் காட்சி தொடங்கும் இடத்தில் ஒரு முறையும், முடியும் இடத்தில் ஒரு முறையும் கிளிக் செய்திடுங்கள். அந்தப் பகுதி மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். கீபோர்டில் ஆங்கில 'இ' கீயைத் தட்டினால், ஒவ்வொரு பிரேமாக நகரும். ஷிப்ட் கீயுடன் 'எஸ்' அழுத்தினால் அந்தக் காட்சி படமாக சேவ் ஆகிவிடும்.

காட்சியை ஓட விடும் முன், என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று பையன் பேப்பரில் எழுத வேண்டும். இது மட்டும் கட்டாயம். இல்லையென்றால் பார்த்த பிறகு "எனக்கு முன்பே தெரியும்" என்று சொல்லிவிடுவான்! அவன் எழுதியது: "நிலம் ஆடினால் கடலும் ஆடும். அதனால் சுனாமி வரும்."

சரிதானே என்று தோன்றும். ஆனால் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் இரண்டு பக்க நிலமும் ஒன்றையொன்று உரசியபடி பக்கவாட்டில்தான் நகர்கின்றன. பெரிய சுனாமிக்குக் கடலின் தரை மேலே எழ வேண்டும், அல்லது கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் மேலே உள்ள மொத்தத் தண்ணீரும் தூக்கப்படும். படத்தில் சொல்லப்படும் 9.6 ரிக்டர் அளவும் அந்தப் பிளவுக்கு அதிகம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் கணிப்பு சுமார் 8.3 வரைதான்.

இதைக் கேட்டதும் அவன், "அப்போ படம் முழுக்க டூப்பு, மாமா" என்றான். எனக்கு இது பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் நம்புவதைப் போலவே இதுவும் யோசிக்காமல் தப்பிக்கும் வழிதான். அதே படத்தில் நிலம் ஆடத் தொடங்கியதும், மேஜைக்குக் கீழே புகுந்து கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும்படி விஞ்ஞானி கத்துவார். அது சரியான அறிவுரை. சுனாமியும் கலிபோர்னியாவுக்கு வராத ஒன்றல்ல. 1964ல் தொலைவில் உள்ள அலாஸ்காவில் ஏற்பட்ட 9.2 நிலநடுக்கத்தின் சுனாமி, கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டி வரை வந்து உயிர்களைப் பறித்தது. ஆபத்து உண்மை, படம் சொல்லும் காரணம்தான் தவறு. இப்படி ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகச் சோதிக்க வைக்க வேண்டும்.

அடுத்து எக்ஸெல். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 3.6 ஆல் பெருக்கினால் சுனாமி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் என்று கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 713 கிமீ. விமான வேகம்! 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36 கிமீ. வேகம் குறையக் குறையத் தண்ணீர் பின்னாலிருந்து நெருக்கி உயரும்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது நம் நேரப்படி காலை சுமார் 6.29க்கு. கூகுள் எர்த்தில் ரூலர் டூலைக் கிளிக் செய்து அந்த இடத்திலிருந்து சென்னைக்கு அளந்தோம். சுமார் 2,000 கிமீ. ஆழத்தை 3,500 மீட்டர் என்று வைத்தால் விடை மூன்று மணி நேரம். அலை வந்ததோ சுமார் இரண்டரை மணி நேரத்தில். "கணக்கு தப்பு" என்றான். தப்பில்லை. அன்று கடலடி நிலம் ஒரே புள்ளியில் உடையவில்லை. வடக்கே அந்தமான் வரை 1,200 கிமீக்கு மேல் உடைந்தது. ஆகவே அலை நமக்கு அருகிலிருந்தும் புறப்பட்டது. விடை பொருந்தாத இடத்தில்தான் பையன் அதிகம் கற்றுக் கொண்டான்.

இரண்டரை மணி நேரம் இருந்தும் அன்று எச்சரிக்கை இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007ல்தான். எனவே, ஆபத்தின் அறிகுறி மனிதர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சினிமா இங்கேதான் கெடுக்கிறது. படத்தில் சுனாமி வானளவு சுருண்டு வரும் சுவர். நிஜத்தில் பல இடங்களில் அது நிற்காமல் ஏறிக் கொண்டே வரும் வெள்ளம். சில இடங்களில் முதலில் கடல் உள்வாங்கும், சில இடங்களில் அதுவும் நடக்காது. சுவருக்காகக் காத்திருப்பவன் ஓட மாட்டான். இதைக் காட்ட, 2004 சுனாமியின் நிஜ வீடியோ ஒன்றையும் படக் காட்சியையும் அடுத்தடுத்து ஓட்டினேன். உயிரிழப்பு தெரியும் வீடியோக்களைத் தவிர்த்து, முதலில் நீங்கள் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் பெற்றோருடன் சென்றிருந்த பத்து வயது பிரிட்டிஷ் சிறுமி டில்லி ஸ்மித், கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைப்பதைக் கண்டு சுனாமி என்று கத்தினாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில், 1946ல் ஹவாயைத் தாக்கிய சுனாமியின் பழைய கறுப்பு வெள்ளை வீடியோவைப் பார்த்திருந்தாள். கடற்கரையிலிருந்த சுமார் நூறு பேர் வெளியேற்றப்பட்டுத் தப்பினார்கள்.

அக்கா மகன் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தேர்வு செய்திருப்பது 2003ல் வந்த தி கோர். பூமியின் மையம் சுழல்வது நின்றுவிடும் கதை. பேப்பரில் இப்போதே கேள்வி எழுதி வைத்திருக்கிறான்: "நின்றது என்று மேலே இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்?"