விண்வெளி மருத்துவத்தின் 'தந்தை': விசாரிக்கப்படாத ஒரு வைத்தியர்

விண்வெளி மருத்துவத்தில் சிறந்த பணியாற்றியோருக்கென அமெரிக்காவில் 1963 முதல் ஒரு விருது வழங்கப்பட்டு வந்தது. அதன் பெயர் ஸ்ட்ரூக்ஹோல்ட் விருது. 2013இல் விண்வெளி மருத்துவச் சங்கம் அந்த விருதையே நிறுத்திவிட்டது. விருதுக்குரிய பெயரைக் கொண்டவர் இறந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹூபேர்ட்டஸ் ஸ்ட்ரூக்ஹோல்ட் 1898இல் ஜேர்மனியின் வெஸ்ட்பாலியாவில் பிறந்தவர். உடற்றொழிலியல் அவரது துறை. 1928இல் ரொக்பெல்லர் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்று ஆய்வு செய்தார். அங்கு கிடைத்த நட்புகள் பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தன. 1935இல் பெர்லினிலிருந்த வான்பறப்பு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளரானார். போர் தொடங்கியபின் அந்த நிறுவனம் ஜேர்மன் விமானப்படையின் கீழ் வந்தது. அவரும் படையின் மருத்துவப் பிரிவில் கேணல் தரத்துக்கு உயர்ந்தார்.

அந்த நிறுவனம் ஆராய்ந்த கேள்விகள் விமானப்படை எதுவாயினும் எழுப்பக்கூடியவைதான். மிக உயரத்தில் காற்றின் அழுத்தம் குறையும்போது மூளைக்கு என்ன நடக்கிறது? ஒட்சிசன் இல்லாமல் விமானி எத்தனை நொடிகள் சுயநினைவோடு இருப்பார்? குளிர்ந்த கடலில் விழுந்தவரை எப்படிச் சூடேற்றுவது? இவற்றுக்கு விடைகாண, காற்றை வெளியேற்றி உயர வானத்தின் நிலையை உருவாக்கும் தாழ் அழுத்த அறை பயன்பட்டது. அறைக்குள் யார் வைக்கப்பட்டார்கள் என்பதுதான் பிரச்சினை.

1942 மார்ச் முதல் டாஹாவ் வதைமுகாமில் அப்படியொரு அறைக்குள் கைதிகள் அடைக்கப்பட்டனர். சிக்மண்ட் ராஷர் என்ற விமானப்படை வைத்தியர் நடத்திய இந்தச் சோதனைகளில் சுமார் 200 பேர் பயன்படுத்தப்பட்டனர். அவர்களில் 70 முதல் 80 பேர் வரை இறந்தனர். அதே ஆண்டு ஓகஸ்டில் குளிர்ச் சோதனைகள் தொடங்கின. பனிக்கட்டி மிதக்கும் நீர்த்தொட்டியில் கைதிகள் மணிக்கணக்காக அமிழ்த்தப்பட்டனர். அதில் சுமார் 300 பேர் பயன்படுத்தப்பட்டு, 80 முதல் 90 பேர் வரை இறந்தனர். இவை பிற்பாடு நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்ட மதிப்பீடுகள். இறந்தவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே பதிவாகியிருக்கிறார்கள்.

ஸ்ட்ரூக்ஹோல்ட் டாஹாவில் இந்தச் சோதனைகளை நடத்தவில்லை. அவரை ஆதரித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதும் அதைத்தான். ஆனால் 1942 ஒக்டோபர் 26, 27ஆம் திகதிகளில் நூரம்பேர்க் நகரில் விமானப்படை ஒரு மருத்துவ மாநாட்டைக் கூட்டியது. குளிர்ச் சோதனைகளின் முடிவுகள் அங்கே அறிக்கையாக வாசிக்கப்பட்டன. கலந்துகொண்ட 95 பேரில் ஸ்ட்ரூக்ஹோல்டும் ஒருவர். உடல் எந்த வெப்பநிலைக்கு இறங்கும்போது மனிதன் இறக்கிறான் என்று ஒருவர் மேடையில் விவரித்தால், அந்தத் தரவு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு வைத்தியருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்று அவருடைய சொந்த நிறுவனத்திலேயே நடந்தது. 1943இல் பிராண்டன்பர்க் மனநல நிலையமொன்றிலிருந்து வலிப்பு நோயுள்ள 6 சிறுவர்கள் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்த தாழ் அழுத்த அறையில் வைக்கப்பட்டனர். ஒட்சிசன் குறைந்தால் வலிப்பு வருமா என்று பார்ப்பதே நோக்கம். சிறுவர்கள் உயிர் தப்பினர். இந்த விடயம் பரவலாக வெளியே தெரியவர அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

போர் முடிந்ததும் அமெரிக்க விமானப்படை ஹைடெல்பெர்க்கில் ஒரு நிலையத்தைத் திறந்து, ஜேர்மன் வான்பறப்பு வைத்தியர்களைக் கூட்டி அவர்களது ஆய்வுகளை எழுதி வாங்கியது. ஜேர்மன் தரப்புக்குத் தலைமை வகித்தவர் ஸ்ட்ரூக்ஹோல்ட். அங்கே அவரோடு வேலை செய்த சிலர் 1946 செப்டெம்பரில் கைதாகி, நூரம்பேர்க் வைத்தியர்கள் வழக்கில் நிறுத்தப்பட்டனர். அவர்களில் ஒருவரான ஹெர்மன் பெக்கர்-பிரைசெங்குக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் அது 10 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. மொத்தம் 23 பேர் குற்றஞ்சாட்டப்பட்ட அந்த வழக்கில் ஸ்ட்ரூக்ஹோல்டின் பெயர் இல்லை.

1947 ஓகஸ்டில் வந்த அந்தத் தீர்ப்பில்தான், ஒருவரின் சுய சம்மதம் இல்லாமல் அவர் உடலில் ஆய்வு செய்யக்கூடாது என்ற நூரம்பேர்க் விதிகள் எழுதப்பட்டன. அதே ஆண்டில் ஸ்ட்ரூக்ஹோல்ட் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1,600க்கு மேற்பட்ட ஜேர்மன் விஞ்ஞானிகளையும் தொழில்நுட்பவியலாளர்களையும் அமெரிக்கா தன்பக்கம் எடுத்துக்கொண்ட 'பேப்பர்கிளிப்' திட்டம் அவருக்கும் வழிதிறந்தது. சோவியத்துடன் பனிப்போர் தொடங்கியிருந்தது. பயன்படக்கூடியவரின் கடந்தகாலத்தைக் கிளற ஒருவருக்கும் அவசரமில்லை.

அவர் பயன்பட்டார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ரெக்சாஸில் அமெரிக்க விமானப்படையின் வான்பறப்பு மருத்துவக் கல்லூரியில் 1949இல் விண்வெளி மருத்துவத்துக்கெனத் தனித் துறை உருவானபோது அதன் தலைவர் அவரே. 'விண்வெளி மருத்துவம்' என்ற சொற்றொடரையும் அவர்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். விண்கல அறை போன்ற மாதிரியொன்று அங்கே கட்டப்பட்டது. 1958 பெப்ரவரியில் டொனால்ட் பரெல் என்ற இளம் விமானப்படை வீரர் அதற்குள் 7 நாட்கள் தனியாக இருந்தார். ஸ்ட்ரூக்ஹோல்ட் 1956இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். விமானப்படையின் விண்வெளி மருத்துவப் பிரிவில் தலைமை விஞ்ஞானியாகி, 1968இல் ஓய்வு பெற்றார்.

விசாரணை எதுவும் நடக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. 1974இல் குடிவரவுத் திணைக்களம் தொடங்கியது, கைவிட்டது. 1983இல் நீதித் திணைக்களத்தின் சிறப்புப் பிரிவு மீண்டும் கோப்பைத் திறந்தது. 1986இல் அவர் சான் அந்தோனியோவில் இறந்தார். கோப்பு மூடப்பட்டது. தனக்குத் தொடர்பில்லை என்றே அவர் கடைசிவரை கூறிவந்தார். சாட்சிகளை எதிர்கொண்டு அதைச் சொல்லவேண்டிய நிலை அவருக்கு ஒருநாளும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பெயர்ப்பலகைகள் இறங்கின. 1993இல் ஒஹையோ அரச பல்கலைக்கழகம் சுவரோவியத்திலிருந்து அவரது உருவத்தை அகற்றியது. 1995இல் புரூக்ஸ் விமானப்படைத் தளத்தின் மருத்துவ நூலகத்திலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. அந்தப் பெயர் 1977இல், அதாவது 1974இன் விசாரணை தொடங்கி மூன்று ஆண்டுகளின் பின் சூட்டப்பட்டது. 2006இல் நியூ மெக்சிக்கோவின் விண்வெளிப் புகழ்மண்டபம் அவரைத் தன் பட்டியலிலிருந்து எடுத்தது.

யூத அமைப்புகளும், ஆவணக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த வரலாற்றாய்வாளர்களும், சில பத்திரிகையாளர்களுமே இதற்குப் பின்னால் இருந்தார்கள். 2012 டிசெம்பரில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் விருது பற்றிய சர்ச்சையை வெளியிட்ட பிறகே சங்கம் முடிவெடுத்தது. அதற்கிடையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக விண்வெளி வைத்தியர்கள் அந்தப் பெயரில் விருது வாங்கியிருந்தார்கள்.