நாலு பேர் என்ன சொல்வாங்க? – எழுபது வளைவிலும் போலீஸ் இல்லை. ஆனாலும் சட்டம் நடக்கிறது!

காளப்பநாயக்கன்பட்டி:

வளைவுக்கு வளைவு ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியுமா? முடியாது. வளைவு ஒன்றா, இரண்டா? எழுபது!

ஆனாலும் தினமும் பஸ் ஏறுகிறது. பலாவும் வாழைத்தாரும் ஏற்றிய லாரி இறங்குகிறது. நேருக்கு நேர் வந்துவிட்டால் யாரோ ஒருவர் ஒதுங்கி நிற்கிறார். யார் நிற்பது என்று பெரும்பாலும் பேச்சே எழுவதில்லை.

இதன் விவரம் வருமாறு:–

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்புறம் காரவள்ளி. அதோடு சமவெளி முடிந்தது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். எழுபதையும் சுற்றி முடித்தால் சோளக்காடு, செம்மேடு.

ஏறுகிற வண்டிக்கே முதல் மரியாதை!

"ஏறுற வண்டிக்கு வழி விடு." மலைப்பாதை டிரைவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி.

காரணம் இல்லாமல் இல்லை. ஏறுகிற வண்டி பாரத்தோடு நடு மேட்டில் நின்றுவிட்டால் மறுபடி நகர்த்துவது பெரும்பாடு. கிளட்சை விடுவதற்குள் பின்னால் உருளும். பின்னால் என்ன இருக்கிறது? பள்ளம்! இறங்குகிற வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. பிரேக்கை அழுத்தி ஓரங்கட்டினால் போதும்.

1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலும் இது எழுதப்பட்டது. குறுகலான மலைச்சாலையில், இறங்குகிறவர் நின்று, ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு வண்டி ஓட்டுகிறார்கள்? பழைய டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கிளீனர் பையன் கற்றுக்கொண்டதுதான். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பதும், ஏறின கியரிலேயே இறங்குவதும் அப்படி வந்த பாடங்களே.

இதை மீறினால் அபராதமா முக்கியம்? அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. இன்று வழிமறித்தவன் நாளைக்கும் இதே பாதையில்தான் வரவேண்டும். அடிவாரத்து டீக்கடையில் அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும். "ஏம்ப்பா, நேத்து பன்னெண்டாவது வளைவுல என்ன பண்ணினே?" என்று நாலு பேர் முன்னால் ஒருவர் கேட்டால் குடிக்கிற டீ இறங்குமா?

தெரிந்த முகம் என்பதுதான் இங்கே போலீஸ்!

ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போதும், விடுமுறை நாட்களிலும் வெளியூர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மலைக்குப் படையெடுக்கின்றன. அப்போது பாருங்கள் வேடிக்கையை! வளைவிலேயே முந்துகிறவர், நடு வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர், காலி பாட்டிலைப் பள்ளத்தில் வீசுகிறவர்... இவர்கள் எல்லாம் பொல்லாதவர்களா? இல்லை. சொந்தத் தெருவில் இதே ஆசாமி பெரியவர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்குகிறவராக இருப்பார். அங்கே அவரை நாலு பேருக்குத் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு சுள்ளியும் ஒடிக்க மாட்டார்கள்!

மலைக்கு மேலே இன்னொரு அதிசயம் உண்டு. கோயில் காடு!

காப்பியும் மிளகும் மரவள்ளியும் விளைகிற நிலங்களுக்கு நடுவே அங்கங்கே அடர்த்தியாக ஒரு தோப்பு நிற்கும். சுற்றிலும் காட்டை அழித்து விவசாயம் செய்திருப்பார்கள். இந்தத் தோப்பில் மட்டும் பெரிய பெரிய மரங்கள், கொடிகள், மூலிகைகள். உள்ளே சாமி இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மரத்தை வெட்டக் கூடாது, கிளையை ஒடிக்கக் கூடாது என்பது வழக்கம்.

வேலி கிடையாது. காவலாளி கிடையாது. "சாமி குத்தம் ஆயிடும்" என்ற பயம் பாதி. "ஊர்ல என்ன பேசுவாங்க" என்ற பயம் மீதி. இரண்டும் சேர்ந்து பல தலைமுறையாகக் காவல் காத்திருக்கின்றன. இதை ஆராய்ச்சிக்காரர்களும் வந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இப்போது இந்தக் காவலும் கொஞ்சம் தளர்ந்துதான் வருகிறது. மரவள்ளிக்குச் சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் காத்திருக்கின்றன. காப்பிக்கு நல்ல கிராக்கி. தோப்பின் ஓரம் சுருங்குகிறது. சின்னக் கல்லாக இருந்த சாமிக்குக் கான்கிரீட் கோயில் கட்டினாலும் மரம்தான் விழ வேண்டியிருக்கிறது.

பரியமா? வரதட்சணையா?

சரி, ஊர் வாய்க்குப் பயந்தால் எல்லாம் நல்லதாகவே முடியுமா? அங்கேதான் சிக்கல்.

கொல்லிமலையில் வாழ்கிற மலைமக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம், தமிழ் பேசுகிறவர்கள். இவர்களுடைய பழைய வழக்கப்படி, பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். விதவை மறுமணமும் அவர்களுக்குப் புதிதல்ல. சமவெளியில் சீர்திருத்தக்காரர்கள் தொண்டை வற்றப் பேசிய விஷயம் அது!

அதே மலையில் இருந்து இறங்கி வாருங்கள். எழுபது வளைவு முடிந்ததும் கணக்கு தலைகீழ்! பெண்ணைப் பெற்றவர்தான் கொடுக்க வேண்டும். எத்தனை பவுன், என்ன வண்டி, மண்டபச் செலவு யாருடையது என்பதே பேச்சு.

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். வாங்கினாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம். குறைந்தது 5 ஆண்டு ஜெயில் என்று பிற்பாடு கடுமையாக்கினார்கள். நடந்தது என்ன? ஒரு குமாஸ்தா வட்டிக்குக் கடன் வாங்கிப் பெண்ணுக்கு நகை போடுகிறார். ஏன் சார் என்று கேட்டால், "மாப்பிள்ளை வீட்டுல எதுவும் கேக்கல. ஆனா சும்மா அனுப்பினா நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்பார்.

அந்த நாலு பேரும் வந்து கடனை அடைக்கப் போவதில்லை!

டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்த கொடுமையும் இதே ரகம். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்குப் பிறகும் பல காலம் இரட்டை டம்ளர் ஓடியது. "ஊர் வழக்கம்" என்பதே கடைக்காரர் சொன்ன சமாதானம்.

பீடியும் மஞ்சப்பையும்

ஊர் வழக்கம் மாறவே மாறாதா? மாறுகிறது. பஸ்ஸில் தினமும் போகிறவர்களே சாட்சி.

1970-களில் பஸ்ஸில் "புகை பிடிக்காதீர்" என்று எழுதியிருக்கும். அதன் கீழேயே உட்கார்ந்து பீடி பற்றவைப்பார்கள். கண்டக்டரும் கண்டுகொள்ள மாட்டார். 2008 அக்டோபர் 2-ந்தேதி பொது இடப் புகைத் தடை விதிகள் அமலுக்கு வந்தன. அபராதம் 200 ரூபாய் வரை. இன்று பஸ்ஸுக்குள் ஒருவர் தீக்குச்சியைக் கிழித்தால் போதும். பக்கத்து சீட்டு அம்மாவே "ஏங்க, கீழே இறங்கிப் பிடிங்க" என்று சொல்லிவிடுவார். 200 ரூபாயைவிட அந்தப் பார்வைக்குத்தான் பயம்!

மஞ்சப்பையின் கதையோ இன்னும் சுவாரசியம். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுப்பது அது. மளிகைக்கும் அதுவே, வெளியூர்ப் பயணத்துக்கும் அதுவே. பிறகு பிளாஸ்டிக் பை வந்தது. மஞ்சப்பையோடு பஸ்ஸைவிட்டு இறங்கினால் "பட்டிக்காட்டான்" என்று சிரித்தார்கள். வெட்கப்பட்டு எல்லோரும் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு கடைக்கு வந்தார்கள்.

2019 ஜனவரி 1-ந்தேதி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது. ஆனாலும் கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான். பை இல்லை என்றால் வந்த கிராக்கி அடுத்த கடைக்குப் போய்விடும். பை கொடுத்தால் அதிகாரி வருவார்.

இப்போது சில இடங்களில் பை இல்லாமல் வருகிற ஆளைத்தான் கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார். "பை கொண்டு வரலீங்களா?" என்று சத்தமாகவே கேட்கிறார், வரிசையில் நிற்கிற நாலு பேர் காதில் விழும்படி!