குடும்பத்திற்கேற்ற கூடாரம்: சிக்கனமாகத் தேர்ந்தெடுக்கும் முறை

ஆந்திரப் பிரதேசத்தில், சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தில் அமைந்த ஊர் வெதுருகுப்பம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பின்னரும் இவ்வூர் சித்தூர் மாவட்டத்திலேயே உள்ளது. திருமலை, தலக்கோனா நீர்வீழ்ச்சி, ஹார்ஸ்லி மலை ஆகியவை இப்பகுதி மக்கள் குடும்பத்துடன் சென்று வரக்கூடிய தொலைவில் உள்ளன. இத்தகைய பயணங்களில் இரவைக் கழிக்கக் கூடாரமொன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் பலருக்கும் எழுவது இயல்பே.

முற்காலத்தில் கூடாரம் என்பது இராணுவத்தினருக்கும், நில அளவைக்காரர்களுக்கும், முகாமிட்டுச் சுற்றிய அதிகாரிகளுக்கும் உரிய பொருளாக இருந்தது. கனத்த பருத்திக் கான்வாஸால் ஆன அதனைச் சுமக்க வண்டியும் ஆளும் தேவைப்பட்டன. செயற்கை இழைகளின் வருகைக்குப் பின் இந்நிலை மாறியது. இன்று ஒருவர் தோளில் சுமந்து செல்லக்கூடிய கூடாரங்கள் பற்பல விலைகளில் கிடைக்கின்றன. விலை குறைந்தவை யாவும் பயனற்றவை என்பது தவறு. அவை பெரும்பாலும் குறிப்பிட்ட சில இடங்களிலேயே குறை காட்டுகின்றன. அவ்விடங்களை அறிந்தவர் அதிகச் செலவின்றியே நனையாமல் உறங்கலாம்.

எத்தனை பேருக்கு இடம் உண்டு?

'நால்வர் கூடாரம்' என விற்கப்படுபவற்றுள் 7 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையவை பல. 7 அடி என்பது 84 அங்குலம். அதனை நால்வருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 21 அங்குல அகலமே கிடைக்கும். தோளோடு தோள் உரசப் படுக்கலாமேயன்றி, துணிமணி, உணவுப் பாத்திரம், காலணி ஆகியவற்றை வைக்க இடமிராது. இப்பரப்பு ஏறத்தாழ 4.5 சதுர மீட்டர். அதாவது ஒருவருக்கு 1 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு வழங்கும் கூடாரத்தின் முதன்மைத் தரைப் பரப்போ 16 சதுர மீட்டர். அது மாதக்கணக்கில் வாழ்வதற்கானது. ஓரிரவுப் பயணத்திற்கு அவ்வளவு தேவையில்லை. எனினும், பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட எண்ணிக்கை நெருக்கிப் படுப்போரின் எண்ணிக்கையே என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும். ஆகவே, இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் உள்ள குடும்பம் அறுவருக்கென விற்கப்படும் கூடாரத்தை நாடுவது பொருத்தமாகும்.

துணியும் நீர்த்தடையும்

பருத்திக் கான்வாஸ் நனையும்போது அதன் இழைகள் உப்பி, இடைவெளிகளை அடைத்துக்கொள்கின்றன. அதனாலேயே அது மழையைத் தாங்குகிறது. ஆனால் ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சை பற்றும், எடையும் மிகுதி. நைலான் இலேசானது, உறுதியானது. எனினும் நனைந்தால் நீண்டு தொய்யும், கடும் வெயிலில் நலியும். பாலியெஸ்டர் ஈரத்தால் அவ்வளவு தொய்வதில்லை. வெயிலையும் நைலானைவிட நன்கு தாங்கும். விலையும் குறைவாதலின், நம் நாட்டுக் குடும்பங்களுக்குப் பாலியெஸ்டரே ஏற்றது.

துணியின் விவரச்சீட்டில் 'டெனியர்' என்னும் அளவு காணப்படும். 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை எத்தனை கிராமோ, அதுவே அவ்விழையின் டெனியர். எண் உயர்ந்தால் இழை தடிக்கும். ஆனால் அதனைக் கொண்டு மட்டும் மழை புகாது எனக் கருதலாகாது. நீரைத் தடுப்பது பெரும்பாலும் துணியின்மேல் பூசப்பட்ட பாலியூரித்தேன் பூச்சேயாகும்.

இப்பூச்சின் திறனை அளக்கும் முறை எளியது. துணியை இறுகப் பொருத்தி, ஒரு பக்கத்தில் நீரின் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துவார்கள். மறுபக்கத்தில் மூன்று இடங்களில் நீர் கசியும்போது, அந்த அழுத்தத்திற்குச் சமமான நீர்த்தம்பத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். 1,500 எனக் குறித்திருந்தால், ஒன்றரை மீட்டர் உயர நீர்த்தம்பத்தை அத்துணி தாங்கியது என்பது பொருள். மேற்கூரைக்கு 1,500 மி.மீ. பொதுவாகப் போதுமானதெனக் கொள்ளப்படுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் மழையில் தங்க நேரிடுவோர் 2,000 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுத்தல் நலம். இவ்வெண் எங்குமே குறிக்கப்படாத கூடாரத்தை மழைக்காலத்திற்கென வாங்காதிருப்பதே அறிவுடைமை.

தரையே முதற்பகை

மழை மேலிருந்து மட்டுமே வருவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் குடும்பங்களை நனைப்பது பெரும்பாலும் தரையே. இதற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஈரநிலத்தின்மேல் விரித்த தரைத்துணியில் முழங்காலிட்டு நிற்கிறார். இரு முழங்கால்களும் சேர்ந்து 60 சதுர சென்டிமீட்டர் இடத்தைத் தொடுவதாகக் கொண்டால், அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. இது ஏறத்தாழ 10,000 மி.மீ. நீர்த்தம்பத்தின் அழுத்தத்திற்குச் சமம். ஆகவே 2,000, 3,000 எனக் குறிக்கப்பட்ட தரைத்துணியும் ஊறிய மண்ணின்மேல் கசிவதில் வியப்பில்லை.

இதற்குப் பரிகாரம் மலிவானது. உயர் அடர்த்திப் பாலித்தீன் நாடாக்களால் நெய்த தார்ப்பாய் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது, அதற்கென ஐ.எஸ். 7903 என்னும் இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. அத்தகைய தார்ப்பாய் ஒன்றைக் கூடாரத்தின் அடியில் விரிக்க வேண்டும். அதன் ஓரங்கள் கூடாரத்திற்கு வெளியே நீண்டிருத்தல் கூடாது. நீண்டிருப்பின் கூரையிலிருந்து வழியும் நீரை அது ஏந்தி, கூடாரத்தின் அடியிலேயே தேக்கிவிடும். நான்கு புறமும் சில அங்குலம் உள்ளடங்குமாறு மடித்துவிடுக.

அடுத்துக் கவனிக்கற்பாலது தையல். ஊசி நுழைந்த ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாயில். நல்ல கூடாரங்களில் தையலின் உட்புறம் நாடா ஒட்டி அடைக்கப்பட்டிருக்கும். மலிவானவற்றில் இது இராது. தையல்மீது பூசும் பசை தனியே விற்கப்படுகிறது. அதனை வாங்கிப் பூசி, நன்கு உலரவிட்டால் இக்குறை பெரிதும் நீங்கும்.

உள்ளிருந்து எழும் ஈரம்

விடியற்காலையில் கூரையின் உட்புறம் நீர்த்துளிகள் நிற்பதைக் கண்டு, கூடாரம் ஒழுகுகிறதென்று பலர் வருந்துவர். பெரும்பாலும் அது மழைநீரன்று. மூச்சினாலும் தோலினாலும் நம் உடலினின்று நாம் அறியாமலே வெளியேறும் நீர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மில்லிலிட்டர். நால்வர் எட்டு மணி நேரம் உறங்கினால் ஒரு லிட்டர் நீர் ஆவியாய்க் கலக்கிறது. அது குளிர்ந்த துணியில் பட்டு மீண்டும் நீராகிறது.

எனவே ஒற்றைத் துணிக் கூடாரத்தைவிட, உள்ளே வலைத்துணியும் அதன்மேல் சற்று இடைவெளி விட்டு மேல்விரிப்பும் உள்ள இரட்டைக் கூடாரமே சிறந்தது. மேல்விரிப்பு உச்சியை மட்டும் மூடும் தொப்பியாக இருத்தல் போதாது. தரைக்குச் சற்று மேல்வரை நாற்புறமும் இறங்க வேண்டும். எதிரெதிராக இரு காற்று வழிகள் இருத்தலும் இன்றியமையாதது. செலவைக் கூட்ட நேர்ந்தால், அதனை இந்த அம்சத்திற்கே முதலில் ஒதுக்குக.

கழிகளும் மூங்கிலும்

தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில். பழந்தமிழில் 'வெதிர்' என்பதும் அதுவே. உள்ளீடற்ற குழல், அதே எடையுள்ள திண்மையான கோலைவிட வளைவை நன்கு எதிர்க்கும் என்பதற்கு மூங்கிலே சான்று. அலுமினியக் கழிகள் இத்தத்துவத்தின்படியே குழல்களாகச் செய்யப்படுகின்றன. கண்ணாடியிழைக் கழிகள் மலிவானவை. ஆனால் நாளடைவில் நீளவாட்டில் பிளந்து சிம்பு நீட்டும். கையில் குத்தாதவாறு கவனமாகக் கையாளுதல் வேண்டும். கழியின் மீது செருகக்கூடிய சிறு உலோகக் குழல் ஒன்றையோ, மூங்கிற் பிளாச்சும் கயிறும் சிறிதையோ உடன் வைத்திருந்தால் முறிந்த கழியை அங்கேயே கட்டிச் சமாளிக்கலாம்.

காற்றைத் தாங்குவது கழி மட்டுமன்று. இழுத்துக் கட்டிய கயிறும் முளையுமே. தொய்ந்த கூரையில் நீர் தேங்கும். 7 அடிச் சதுரப் பரப்பின்மீது ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 45 லிட்டர் நீராகும் என்பதை நினைவிற் கொள்க.

வீட்டிலேயே ஒரு சோதனை

வாங்கிய கூடாரத்தைப் பயணத்திற்கு முன் வீட்டு முற்றத்தில் அடித்து, பூவாளியால் கால் மணி நேரம் நீர் ஊற்றுக. உள்ளே ஒருவர் அமர்ந்து, தையல்களையும் மூலைகளையும் கையால் தடவிப் பார்க்கட்டும். கசியும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, உலர்ந்த பின் பசை பூசுக. பயணம் முடிந்ததும் நிழலில் முற்றிலும் உலர்த்தி, தளர்வாக மடித்து வைத்தல் வேண்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும். அதன்பின் எந்தக் கூடாரமும் மழைக்கு உதவாது.

கூடாரம் காக்க முடியாதவை

எவ்வளவு நல்ல கூடாரமும் தவறான இடத்தில் அடித்தால் பயன் தராது. 2021 நவம்பரில் திருப்பதியில் பெய்த பெருமழையில் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. திருமலை மலைப்பாதைகள் மூடப்பட்டன. மலையில் பெய்த நீர் சிறிது நேரத்தில் அடிவாரத்து ஓடைகளில் பாயும். ஆதலால் வறண்டு காணப்படினும் ஓடைப் படுகையில் கூடாரம் அடித்தல் கூடாது. பட்ட மரத்தின் அடியும் ஆகாது.

தலக்கோனா, ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கு வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டுமே தங்க வேண்டும். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியொருத்தி சிறுத்தையால் உயிரிழந்தாள். துணிச்சுவர் காட்டு விலங்குக்குத் தடையாகாது.

இறுதியாக ஒன்று. குளிருக்கென்றோ சமையலுக்கென்றோ கரியடுப்பையும் எரிவாயு அடுப்பையும் கூடாரத்தினுள் மூட்டலாகாது. அவற்றினின்று எழக்கூடிய கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். பாலியெஸ்டர் தீப்பற்றினால் உருகி உடலில் ஒட்டும். அடுப்பு வெளியே, காற்று கூடாரத்தின் பக்கம் வீசாத இடத்தில் இருக்கட்டும்.

போதிய பரப்பு, தரைவரை இறங்கும் மேல்விரிப்பு, அடைத்த தையல், அடியில் ஒரு தார்ப்பாய், மேட்டு நிலம் ஆகிய இவ்வைந்தும் அமைந்தால், எளிய விலைக் கூடாரமே ஒரு குடும்பத்தை மழையிரவில் காக்கப் போதுமானது.