ஒரு காரணி கையில் இருந்தால்

நாமக்கல் மலைக்கோட்டை அடிவாரத்து நரசிம்மர் கோயிலில் அருள்பாலிக்கும் நாமகிரித் தாயார், கணித மேதை இராமானுஜனின் குலதெய்வம். தம் மனதில் தோன்றிய சூத்திரங்களெல்லாம் தாயார் தந்தவை என்றே அவர் நம்பினார். அவர் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் எண் 1729. இரண்டு மிகை முழு எண்களின் கனங்களைக் கூட்டி, இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் இதுவே மிகச் சிறியது: 12³ + 1³, 10³ + 9³. பள்ளியில் படிக்கும் தொகுமுறை வகுத்தலின் வலிமையை இந்த எண்ணிலேயே பார்க்கலாம்.

12 இருக்கும் இடத்தில் x என்று எழுதினால் x³ + 1 கிடைக்கிறது. x = –1 எனும்போது இதன் மதிப்பு 0. எனவே, காரணித் தேற்றப்படி x + 1 ஒரு காரணி. இன்னொன்று எது?

கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: 1, 0, 0, 1. x² உறுப்பும் x உறுப்பும் இல்லாததால் அந்த இடங்களில் 0 போட வேண்டும்; விட்டால் கணக்கே மாறிவிடும். முதல் 1-ஐ அப்படியே கீழே இறக்குங்கள். அதை –1-ஆல் பெருக்கி அடுத்த கெழுவோடு கூட்டினால் –1. அதையும் அப்படியே செய்தால் 1. இன்னொரு முறை செய்தால் 0. கடைசியில் வந்த 0 மீதி; முன்னால் உள்ள 1, –1, 1 ஈவின் கெழுக்கள். ஆக, மற்றொரு காரணி x² – x + 1.

இது எப்படிச் சரியாகிறது? ஈவை x + 1-ஆல் பெருக்கிப் பாருங்கள். நடுவிலுள்ள ஒவ்வொரு கெழுவும் ஈவின் அடுத்தடுத்த இரண்டு கெழுக்களின் கூடுதலாக வரும். நாம் செய்தது அந்தக் கூட்டலைப் பின்னோக்கிப் பிரித்ததுதான். இத்தாலியக் கணிதர் பாவ்லோ ருஃபினி 1804-இல் இம்முறையை எழுதினார்.

இப்போது x = 12 என்று இடுங்கள்: 1729 = 13 × 133. அதேபோல் a³ + b³-க்கு a + b ஒரு காரணி. ஆகவே 10³ + 9³ என்ற வடிவம் 19 × 91 ஆகிறது. 13, 19 இரண்டும் பகா எண்கள்; இரண்டும் 1729-ஐ வகுப்பதால் அவற்றின் பெருக்கற்பலன் 247-உம் வகுக்கும். ஈவு 7. ஆக, 1729 = 7 × 13 × 19.

முழு எண் கெழுக்கள் கொண்ட முப்படிக் கோவை எதுவானாலும், முதலில் மாறிலி உறுப்பின் வகுத்திகளை மிகை, குறை இரு குறிகளோடும் இட்டுப் பாருங்கள். ஒன்றில் 0 வந்துவிட்டால் மிஞ்சுவது இருபடிக் கோவை; அதற்குச் சூத்திரம் இருக்கிறது.